நாற்பத்தாறு பக்கங்களில் இல்லாத ஒருவர்

சகோதரிகள் மூவரில் இளையவரை அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அனைவரும் டைம்டேபிள் சித்தி என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டுமே தாங்கள்தான் என்று இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. பெயருக்கான காரணத்தில் மட்டும் தகராறு இல்லை. கல்யாணத்துக்குப் புறப்பட்டாலும் சரி, அடுத்த தெருப் பல் மருத்துவரிடம் போனாலும் சரி, எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்தது எது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளாமல் சித்தி வாசற்படி இறங்கியதில்லை.

முப்பத்தோராவது வயதில் அவருக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பின்னாலும் ஆகவில்லை. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கி, மேல்மாடிகளுக்குத் திருப்பி அனுப்புகிற பிரிவு அது. கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. சன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் காலணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பிரிவில் இரண்டு விதிகள் இருந்தன. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இரண்டுமே தேவைப்படுவதால் அவற்றை இங்கே குறித்து வைப்பது நல்லது.

முதல் விதி: காலையில் எடுத்த எடுப்பில் கருவிகளை இயந்திரத்துக்குள் வைத்துவிடக் கூடாது. ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சோதனைப் பொட்டலம் மட்டும் இருக்கும். அதற்குள் ஒரு தாள். நீராவி எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாறும். மாறிய பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும். சித்தி இதை ‘வெறும் ஓட்டம்’ என்று சொல்வார்.

இரண்டாவது, செய்முறைத் தாளைப் பற்றியது. எந்தத் தட்டில் எத்தனை கத்தரி, எத்தனை இடுக்கி, எதற்கு மேல் எது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. எழுதியவர் நாளைக்கு வராமல் போனாலும், முன்பின் தெரியாத ஒருவர் அதை வாசித்தே வேலையை முடித்துவிட வேண்டும். ‘என்னைக் கேள்’, ‘நான் காட்டுகிறேன்’ போன்ற சொற்களுக்கு அதில் இடமே இல்லை என்பது மேற்பார்வையாளர் அம்மாளின் கண்டிப்பு. சித்தி எழுதிய தாள்கள் அந்தக் கண்டிப்புக்கும் ஒரு படி மேலே இருந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவற்றை வைத்தே தொழில் கற்றுக்கொண்டார்கள். ஒருவரும் சித்தியிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. பதினெட்டு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு அவர் குரல் எப்படியிருக்கும் என்பதே தெரிந்திருக்காது.

சித்தியை ஊர் சுற்ற வைத்தது அவருடைய அறைதான். நான்காவது மாடியில் ஒரே அறை; மூலையில் அடுப்பு, அதற்கு எதிரே கட்டில், கட்டிலுக்கு நேரே சன்னல், சன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை. வாரநாட்களில் விடியும் முன்பே பேருந்துகளின் உறுமல் தொடங்கிவிடும். அதைத் திட்டிக்கொண்டே எழுந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும், சத்தமே வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்கு, காலையிலிருந்து தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது சித்திக்கு உறைத்தது. குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுவரைப் பார்த்து, “பால் தீர்ந்துபோச்சு” என்றார். குரல் இருந்தது. அடுத்த ஞாயிறு முதல் ரயில் நிலையத்துக்குப் போகத் தொடங்கினார்.

புது நகரம் ஒன்றில் இறங்கியதும் முதல் பத்து நிமிடம் அவருக்குப் பிடிக்காது. நிலையத்து வாசலில் எல்லோரும் போகிற திசை தெரிந்தவர்களாக விரைந்துகொண்டிருக்கும்போது, தூண் ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ காத்திருப்பவரைப் போலக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு வரைபடத்தை விரித்து ஒரு தெருவைப் பிடிப்பார். மத்தியானத்துக்குள் இரண்டு தெருமுனைகள் அடையாளம் தெரிந்துவிடும். மாலையில் ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி முகம் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஊர் பழகிவிடும். அதற்கும் திரும்பும் ரயிலுக்கும் சரியாக இருக்கும்.

உணவகத்தில் உட்கார்ந்தால், “எத்தனை பேர்?” என்பார்கள். ஒருவர்தான் என்றதும் பரிமாறுகிறவர் எதிர் இருக்கைக்கு வைத்திருந்த தட்டையும் குவளையையும் எடுத்துக்கொண்டு போவார். மரியாதையாகத்தான் எடுப்பார்கள். ஆனாலும் சித்தி நின்றுகொண்டே சாப்பிடுகிற கடைகளைத் தேடிப் போக ஆரம்பித்தார்.

ஒருமுறை மணிக்கூண்டின் முன்னால் வழிப்போக்கர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லி, ஊரிலிருந்த மூத்த சகோதரிக்கு அனுப்பினார். குடும்பத்தில் பெரியம்மா என்று அறியப்படுகிற அந்த மூத்தவர் உடனே தொலைபேசியில் வந்தார்.

“நல்லா இருக்குடி. கூட யாரு வந்திருக்கா?”

“யாரும் வரலையே.”

“அப்ப யாரு எடுத்தது?”

“யாரோ ரோட்டுல போனவரு.”

பெரியம்மா, “மணிக்கூண்டு பெரிசாத்தான் இருக்கு” என்றார். அதற்குப் பின் சித்தி தன்னைப் படம் எடுத்துக்கொண்டதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

பெரியம்மாவை ஒருமுறையாவது வரவழைத்து, இந்த ஊர்களையெல்லாம் கூடவே நடந்து காட்ட வேண்டும் என்பதுதான் சித்திக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய ஆசை. வாராவாரம் கேட்பார். பெரியம்மாவுக்கு வராமலிருக்க ஒவ்வோர் ஆண்டும் ஒரு நியாயமான காரணம் இருந்தது: மகளுக்குப் பரீட்சை, வீட்டுக்கு மேல்தளம் கட்டுகிறார்கள், பெரியப்பாவுக்கு லீவு இல்லை, மகளுக்குக் கல்யாணம், பிறகு முட்டி. முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து, பெரியப்பாவும் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், பெரியம்மா தானாகவே, “அடுத்த வருஷம் செப்டம்பர்ல வர்றோம்டி. எங்கெங்க கூட்டிட்டுப் போவேன்னு யோசிச்சு வை” என்றார்.

யோசிக்கச் சொன்னதுதான் தாமதம். ஒன்பது நாள், மூன்று நாடுகள், ஐந்து நகரங்கள் என்று சித்தி திட்டம் போட்டார். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு விடுப்பும் வாங்கினார். விசாவுக்கான படம் மூன்று முறை திரும்பி வந்தது. பல் தெரியக் கூடாது என்றால் பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது என்று பெரியப்பா புகார் சொன்னார். நான்காவது படத்தில் பெரியம்மா யாரையோ அடிக்கப் போகிறவரைப் போல இருந்தார். விசா கிடைத்துவிட்டது.

ஆனால் வேலையிடத்துப் பழக்கம் சித்தியை விடவில்லை. முட்டி வலிக்காரரை முன்பின் பார்க்காத ஊருக்கு எடுத்த எடுப்பில் கூட்டிக்கொண்டு போகலாமா? வெறும் ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? பதினான்கு மாதங்களில் ஐந்து நகரங்களுக்கும் தலா இரண்டு முறை தனியாகப் போய்வந்தார். பார்த்ததை நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் எழுதினார். அதிலிருந்து சில வரிகளை உள்ளபடியே தருவது பொருத்தமாக இருக்கும்:

“பக்கம் 8. படிக்கட்டு 64. கைப்பிடி இடப்பக்கம் மட்டும். முப்பதாவது படியில் அகலமான திருப்பம். அங்கே நின்று மூச்சு வாங்கினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.”

“பக்கம் 12. கழிப்பறை நூலகத்தின் பின்பக்கம். கேட்காமல் போகவும். கேட்டால்தான் கூடாது என்பார்கள்.”

“பக்கம் 17. இங்கே அக்காவுக்குக் கோபம் வரும். அவ்வளவு தூரம் ஏறியதும் தேநீர்க் கடை பூட்டியிருக்கும். பிஸ்கட் கைவசம் இருக்கட்டும்.”

மருத்துவமனையில் அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறவர் ஒருவருக்கு மட்டும் தமிழ் தெரியும். மின்தூக்கி வரும்வரை இருவரும் நின்று பேசுவார்கள். சித்தியின் தமிழ்ப் பேச்சில் பெரும்பகுதி அந்த நான்கு நிமிடங்களில்தான் செலவாயிற்று.

“என்னம்மா, இந்த வாரம் எந்த ஊரு?” என்று துணிக்காரர் கேட்பார்.

“கோட்டை இருக்கிற ஊரு. ரெண்டாவது தடவ.”

“கோட்டை வச்ச இடத்துலயே இருக்கான்னு பார்க்கவா?”

“போன தடவ அங்க லிப்ட் ரிப்பேர்னு எழுதிப் போட்டிருந்தாங்க. சரி பண்ணிட்டாங்களான்னு பார்க்கணும்.”

“கோட்டையப் பார்க்கப் போறவங்க உண்டு. கோட்டை லிப்ட்டப் பார்க்கப் போறவங்க உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

நாற்பத்தாறு பக்கமும் எழுதி முடித்த அன்று நோட்டை அவரிடம் காட்டினார். துணிக்காரர் மின்தூக்கி இரண்டு முறை வந்து போகும்வரை நின்று புரட்டினார். “அம்மா, இத வச்சுக்கிட்டு நானே போயிட்டு வந்துடுவேன் போலிருக்கே! துணைக்கு ஆளே வேணாம்” என்றார். சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. செய்முறைத் தாள் எழுதுகிறவருக்கு அதைவிட வேறு பாராட்டு என்ன வேண்டும்? நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும் என்று அன்றைக்கே நோட்டைப் பெரியம்மாவுக்குத் தபாலில் அனுப்பினார்.

மே மாதக் கடைசியில் பெரியம்மாவின் மகள் பேசினாள். குரலில் உற்சாகம் பொங்கியது.

“சித்தி, உங்க நோட்டப் பார்த்துட்டு என் மாமியாரும் மாமனாரும் நாங்களும் வர்றோம்னு ஒரே பிடிவாதம். நானும் கூடப் போறதா முடிவாயிடுச்சு. ஆனா அத்தைக்கு ஸ்கூல்ல ஜூலைல மட்டும்தான் லீவு தருவாங்களாம். அதனால ஜூலைக்கு மாத்திட்டோம் சித்தி.”

“ஜூலையிலயா? ஜூலைல இங்க ரெண்டு மிஷின் மாத்துறாங்கம்மா. யாருக்குமே லீவு கிடையாது.”

“அதுக்கென்ன சித்தி, நீங்க சிரமப்படவே வேணாம். நோட்டுல எல்லாம் இருக்கு. நாங்களே சமத்தா போயிட்டு வந்துடுவோம். உங்க ஊருக்கு வந்து சுத்திப் போறதவிட நேரா மொத ஊருலயே இறங்குறது ஈஸியாம்.”

சித்தி படியில் நின்றுகொண்டிருந்தார். நிலவறையில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. தரைத்தளத்துக்கு ஏறும் படிக்கட்டின் திருப்பத்தில்தான் கிடைக்கும்.

“ஹலோ சித்தி? கேக்குதா?”

“கேக்குது. நல்லது. பத்திரமா போயிட்டு வாங்க.”

நான் இல்லாமல் போகாதீர்கள் என்ற ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது என்றும், அதை எந்த உரிமையில் சொல்வது என்று தெரியவில்லை என்றும் பின்னால் அவரே கூறியிருக்கிறார். சொன்னால் சம்பந்தி வீட்டார் முன்னால் அக்காவுக்குச் சங்கடம். சொல்லாவிட்டால் தனக்கு மட்டும்தானே. சித்தி எடைபோட்ட விதம் அப்படி.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நோட்டில் எழுதியிருந்த திறப்பு நேரங்கள் செப்டம்பருக்கானவை. ஜூலையில் அவை மாறும். ஜூன் மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகள் ரயிலேறிப் போய்க் கேட்டறிந்து, பதினோரு திருத்தங்கள் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். செப்டம்பர் விடுப்பை ரத்து செய்தார். மேற்பார்வையாளர் அம்மாள் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்.

துணிக்காரர், “விருந்தாளிங்க வர்ற நாள் நெருங்குது போல?” என்றார்.

“வர்றாங்க. இங்க வரல.”

துணிக்காரர் மின்தூக்கியின் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். பிறகு, “மிஷின் மாத்துறப்ப துணியும் ரெண்டு மடங்கு வரும்மா. எனக்கும் லீவு இல்ல” என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, அவருடைய குறையைச் சொன்னாரா என்று சித்திக்கு விளங்கவில்லை.

ஜூலை மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, ஐவரும் முதல் நகரத்தில் இறங்கினார்கள். சித்தி இடைவேளைகளில் படிக்கட்டுத் திருப்பத்தில் போய் நின்றுகொள்வார்.

“ஏண்டி, நீ எழுதின பெஞ்சுல ஒருத்தன் காலை நீட்டித் தூங்குறான்!” என்று பெரியம்மா கத்தினார்.

“பச்சை பெஞ்சா?”

“ஆமா.”

“அதுக்குப் பின்னாடி செடி இருக்குல்ல, அதைத் தாண்டிப் போ. இன்னொண்ணு இருக்கு. வெயில் படாது.”

சற்றுப் பொறுத்து, “ஆமாண்டி, இருக்கு” என்ற குரலும், உட்காரும்போது வருகிற பெருமூச்சும் கேட்டன. அந்தப் பெருமூச்சைக் கேட்பதற்காகவே சித்தி அந்த நகரத்தில் பதினேழு பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்திருந்தார்.

இரண்டாம் நாள் பேசியபோது பெரியம்மாவுக்கு உண்மையிலேயே கோபம்.

“பதினேழாம் பக்கத்துல என்னடி எழுதியிருக்கே? அக்காவுக்குக் கோபம் வரும்னு? சம்பந்தியம்மா சத்தமா படிச்சுட்டாங்க. நான் என்ன அவ்வளவு கோபக்காரியா?”

“கடை பூட்டியிருக்கா?”

“பூட்டித்தான் கிடக்கு. இவ்வளவு தூரம் ஏற வச்சுட்டு எவனாவது கடையப் பூட்டுவானா? அறிவு வேணாம்?” என்றவர் நிறுத்தினார். பின்னால் மற்ற நால்வரும் சிரிப்பது கேட்டது. பெரியம்மாவும் அதில் சேர்ந்துகொண்டார். சித்தியும் படிக்கட்டில் நின்று சிரித்தார். இடைவேளை முடிந்து கீழே இறங்கும்போது சிரிப்பு எந்தப் படியில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அழைப்பே இல்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்று அதற்குப் பொருள். நான்காம் நாள் சம்பந்தியம்மா பேசி, “பெரிய ஆபீசர் போட்ட பிளான் மாதிரி இருக்குங்க, ஒரு இடத்துலகூட யாரையும் வழி கேக்கல” என்று பாராட்டினார். சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து சித்தி வாயிலைத் தாண்டும்போது பெரியம்மா மட்டும் தனியாக அழைத்தார்.

“சாப்பிட்டியா?”

“இனிமேதான். எங்க மத்தவங்க?”

“கடைக்குப் போயிருக்காங்க. நான் ரூம்ல இருக்கேன். நோட்ட மொதல்லேருந்து கடைசி வரைக்கும் இப்பதான் ஒரே மூச்சா படிச்சேன். நான் வர்றேன், உங்க அத்தான் வர்றாரு, என் முட்டி வருது, என் கோபம்கூட வருது. நீ எங்கடி இதுல?”

“நான் கூடத்தானே இருப்பேன்னு... அத தனியா எழுதணுமாக்கா?”

“எழுதலேன்னா எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஊரையும் ரெண்டு தடவ பார்த்துட்டா, சலிச்சுப் போயிருக்கும், மறுபடியும் எதுக்கு அவள அலைய விடணும்னு நாங்க நினைச்சோம்.”

“நான் எதையும் பார்க்கலக்கா.”

“என்னடி சொல்றே?”

“உனக்குச் சரியா வருமான்னுதான் பார்த்தேன். படி எத்தன, நிழல் எங்க, இப்படி. மத்தத உன்கூடச் சேர்ந்து பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

பெரியம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அதட்டலாக, “நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? இந்த ஊருக்கு ரயில் இருக்குல்ல? வா” என்றார்.

ரயில் இருந்தது. ஐந்தில் அதுதான் சித்தி இருந்த இடத்துக்கு மிக அருகிலிருந்த நகரம். போக நான்கு மணி ஐம்பது நிமிடம். காலையில் புறப்பட்டால் பதினொரு மணிக்கு இறங்கலாம். ஞாயிறுகளில் திரும்பி வர ஒரே ரயில், ஒன்று ஐம்பதுக்கு. ஆக, சகோதரிகள் இருவருக்கும் கிடைத்தது இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

நடைமேடையில் பெரியம்மா மட்டும் நின்றிருந்தார். மற்றவர்கள் முப்பத்தோராம் பக்கத்தின்படி பேருந்தில் கோட்டைக்குப் போயிருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறவர்கள் என்ன பேச வேண்டுமோ அதையே பேசினார்கள்.

“இளைச்சுட்டேடி.”

“நீதான் இளைச்சிருக்கே.”

“பொய். முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு நின்னுட்டேன். நிஜமா வலிச்ச நாலு நாளும் வாயத் திறக்கல, ஒருத்தரும் கண்டுக்கல. இன்னிக்குப் பொய் சொன்னதும் எல்லாரும் பதறிட்டாங்க.”

சித்தி பழக்கதோஷத்தில், “இந்தப் பக்கமா எட்டு நிமிஷம் நடந்தா ஆத்துப் பாலம்...” என்று ஆரம்பித்தார்.

“நேத்தே பார்த்தாச்சு. பக்கம் இருபத்தொம்பது. எனக்கு அதெல்லாம் வேணாம். இந்த ஊர்ல உனக்குத் தெரியாத இடம் ஏதாவது இருக்கா?”

சித்தி திகைத்துப் போனார். அவர் அந்த ஊரில் இரண்டு முறை நடந்திருக்கிறார். தெரியாத இடத்துக்கு எப்படி வழி சொல்வது? நிலையத்து வாசலில் ஒரு டிராம் நின்றுகொண்டிருந்தது. எண் பதினொன்று. அது போகிற வழியில் பார்க்க ஒன்றுமில்லை என்று கையேடுகள் எல்லாம் விட்டுவிட்ட வண்டி. “அதுல ஏறினதே இல்ல” என்றார்.

“ஏறு.”

கடைசி நிறுத்தம் வரை போனார்கள். டிராம் வளைந்து திரும்புகிற ஒரு வட்டம். பூட்டிய டயர் கடை. பால்கனிகளில் துணி காய்கிற ஓர் அடுக்குமாடி. கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர். உட்கார பெஞ்சு இல்லை. டயர் கடையின் குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். பெரியம்மா பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து ஒரு பாதியைக் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமையில என்னதான்டி பண்ணுவே?”

“இதான். ரயில்ல போவேன், வருவேன்.”

“யார்கூடவாவது பேசுவியா?”

“டிக்கெட் பார்க்கிறவர் வந்தா பேசுவேன்.”

பெரியம்மா ரொட்டியை வைத்துவிட்டார். “அன்னிக்கு என் பொண்ணு போன் பண்ணினப்ப ‘வேணாம், நான் இல்லாம போகாதீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நான் எல்லாத்தையும் தள்ளிப் போட்டிருப்பேனே.”

“நீ கேப்பேன்னு நினைச்சேன்.”

“நல்லாருக்கு. நீ கேக்கலேன்னு நானும், நான் கேக்கலேன்னு நீயும். நம்ம அப்பாவும் அம்மாவும் இப்படித்தான் கடைசி வரைக்கும் குடித்தனம் பண்ணினாங்க.”

இருவரும் சிரித்தார்கள். கார் கழுவுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். பிறகு பெரியம்மா மருமகனைப் பற்றியும், சம்பந்தியம்மாவின் குறட்டையைப் பற்றியும், மூத்தவளாகப் பிறந்ததால் தனக்கு வாய்த்த தொல்லைகளைப் பற்றியும் பேசினார். சித்தி தொலைபேசியில் சொல்ல முடியாதவற்றைச் சொன்னார். என்ன சொன்னார் என்பதை இருவரும் வெளியிடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அத்தனை ஊர்களிலும் சித்தி ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது அந்தச் சுவரில் மட்டும்தான்.

டிராம் ஒன்று வந்து, திரும்பி, போயிற்று. இருவரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மணி ஒன்றே கால் ஆனபோதுதான் சித்தி திடுக்கிட்டு எழுந்து நிறுத்தத்திலிருந்த பலகையைப் பார்த்தார். ஞாயிறுகளில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு வண்டி. அடுத்தது ஒன்று இருபத்தைந்துக்கு. நிலையத்துக்குப் போக இருபத்திரண்டு நிமிடம்.

“ஐயோ, நான் நேரத்தப் பார்க்கவே இல்லக்கா.”

“நீயா? நேரத்தப் பார்க்கலயா?” பெரியம்மாவின் முகத்தில் கவலையைவிட வியப்பே அதிகம் இருந்தது.

டிராம் நிலையத்தை அடைந்தபோது ரயிலுக்கு மூன்று நிமிடம். நான்காம் நடைமேடை, படி இறங்கி ஏற வேண்டும். வராதே, இங்கேயே நில் என்று சித்தி சொல்லியும் கேளாமல் பெரியம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். சித்தி பெட்டியில் ஏறித் திரும்பினார். பெரியம்மா மூச்சு வாங்கக் கதவுக்கு எதிரே நின்றார். விளக்கு மின்னத் தொடங்கியது.

“அக்கா, இனிமே நான் இல்லாம எங்கயும் போகாத.”

நாற்பத்தொன்பது வயதில் சித்தி தனக்கென்று கேட்ட முதல் பொருள் அதுதான். பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் தூக்கினார். கதவு மூடிக்கொண்டது. அந்தக் கை சரி என்றதா, போய் வா என்றதா என்று சித்தி ஐந்து மணி நேரம் யோசித்துக்கொண்டே வந்தார். மீதி மூன்று நாட்களில் இரண்டே அழைப்புகள்தான் வந்தன. இரண்டிலும் எல்லாம் நோட்டில் உள்ளபடியே இருப்பதாகச் செய்தி.

மறு ஆண்டு சம்பந்தி வீட்டார் வேறொரு நாட்டுக்குப் போகத் திட்டமிட்டு, பெரியம்மாவை அழைக்க நேரில் வந்தார்கள். பெரியப்பாவுக்கு ஆசைதான். மகள் பெட்டியைக்கூட இறக்கிவிட்டாள். பெரியம்மா அசையவில்லை.

“முட்டி சரியில்லையா?” என்று சம்பந்தியம்மா கேட்டார்.

“முட்டிக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. தங்கச்சிக்கு லீவு கிடைக்கல.”

“அவங்க போன தடவையும் வரலையே? கேட்டா அழகா ஒரு நோட்டு எழுதிக் குடுத்துடுவாங்களே!”

“குடுத்துடுவா,” என்றார் பெரியம்மா. “அதுக்குத்தான் நான் கேக்கல.”

அவர்கள் போய்வந்தார்கள். பெரியம்மா போகவில்லை. அதற்கடுத்த ஆண்டும் போகவில்லை. பிரிவில் ஆள் குறைந்துவிட்டதால், சித்திக்குச் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் ஒதுக்க முடியாது என்று இரண்டு முறை பதில் வந்தது. மூன்றாவது விண்ணப்பம், இது எழுதப்படுகிற நாளில், மேற்பார்வையாளர் அம்மாளின் மேசையில் இருக்கிறது.